காகிதம் போகும், முகம் நிற்கும்

கத்தரிக்கோலும் கோந்தும் இல்லாத வீடு நம் ஊரில் உண்டா? பத்திரிகையில் வரும் தொடர்கதையை வாரா வாரம் பிரித்தெடுத்து, படங்கள் கசங்காமல் அடுக்கி, கடைசி அத்தியாயம் வந்ததும் பைண்டு செய்து வைத்த பரம்பரை அல்லவா நாம்? அதற்கு முந்திய தலைமுறைப் பெண்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சுக்கூடம் வைத்து லக்ஷ்மியையும் சரஸ்வதியையும் வீட்டுக்கு வீடு அனுப்பினார். வந்த படத்தை அப்படியே சுவரில் மாட்ட நம் பாட்டிமார்களுக்கு மனம் வரவில்லை. லக்ஷ்மியின் புடவைக்கு நிஜப் பட்டுத் துணி ஒட்டினார்கள். கரைக்கு ஜரிகை, கிரீடத்துக்குச் சமிக்கி, கழுத்துக்கு மணி. அச்சில் ஆயிரக்கணக்காக வந்த படம், அவர்கள் கை பட்டதும் அந்த ஒரு வீட்டுப் படமாகிவிட்டது.

குழந்தைப் பருவத்தில் இன்னொரு வித்தையும் செய்திருப்பீர்கள். வெள்ளைத் தாளில் மெழுகுவர்த்தியை நன்றாகத் தேய்த்து, அதைப் பத்திரிகைப் படத்தின்மேல் கவிழ்த்து, கரண்டியின் முதுகால் அழுத்தி உரசினால், மை மெழுகில் ஒட்டிக்கொண்டு வரும். சினிமா நட்சத்திரத்தின் முகம் கொஞ்சம் மங்கலாக, இடம் வலம் மாறி, நம் நோட்டுப் புத்தகத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எத்தனை பெருமை அன்றைக்கு!

இந்த இரண்டு வித்தைகளையும் சேர்த்தால் கிடைப்பதுதான் நான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகும் கைவேலை. 'மிக்ஸட் மீடியா' என்று இதற்குப் பெயர். வர்ணம், காகிதம், துணி, போட்டோ எல்லாம் ஒரே சித்திரத்தில் கலந்து வருவது. பெயர்தான் புதிது. நம் தஞ்சாவூர்ப் பலகைப் படத்தை நினைத்துப் பாருங்கள். பலா மரப் பலகை, அதன்மேல் துணி, துணியின்மேல் சுண்ணாம்புத் தூளும் பசையும் கலந்த மக்கு, அதில் பதித்த கற்கள், மேலே தங்க ரேக்கு, கடைசியில் வர்ணம். பல சாமான் கலந்த சித்திரத்துக்கு இதைவிட உதாரணம் வேறு என்ன வேண்டும்? பிக்காஸோ 1912-ல் பிரம்புப் பின்னல் அச்சடித்த எண்ணெய்த் துணியைச் சித்திரத்தில் ஒட்டி, கயிற்றையே சட்டமாகக் கட்டியதை மேல்நாட்டார் பெரிய புரட்சி என்றார்கள். நம் பாட்டிமார்கள் லக்ஷ்மிக்குப் புடவை ஒட்டியதை யாரும் அப்படிச் சொல்லவில்லை!

போட்டோவை இடம் மாற்றும் வித்தையும் பெரிய மனிதர்களுக்குப் பிடித்த வித்தைதான். ராபர்ட் ராஷன்பர்க் என்ற அமெரிக்க ஓவியர் 1958 முதல் 1960 வரை இத்தாலியக் கவி தாந்தேயின் நரக காண்டத்துக்கு 34 சித்திரங்கள் செய்தார். பத்திரிகைப் படங்களைச் சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் எண்ணெயில் நனைத்து, தாளின்மேல் கவிழ்த்து, முதுகில் பேனாவால் கிறுக்கினார். படம் தாளுக்கு மாறியது. ஆனால் அந்த எண்ணெய் குப்பென்று தீப்பற்றும். அதன் வாடையும் உடம்புக்கு ஆகாது. அடுப்பு எரிகிற வீட்டுக்கு அது வேண்டாம். நமக்குத் தண்ணீரும் ஜெல் மீடியமும் போதும்.

ஜெல் மீடியம் என்றால் என்ன? அக்ரிலிக் வர்ணத்திலிருந்து நிறத்தை மட்டும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது. தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வர்ணம் 1955-ல் அமெரிக்காவில் 'லிக்விடெக்ஸ்' என்ற பெயரில் ஓவியர்களுக்கு வந்தது. ஜெல் அதே குடும்பம். டப்பாவைத் திறந்தால் கெட்டித் தயிர்போல் வெள்ளையாக இருக்கும். காய்ந்தால் கண்ணாடிபோல் தெளிந்துவிடும். ஈரமாக இருக்கும்வரை தண்ணீரில் கழுவலாம். காய்ந்த பிறகு தண்ணீரில் கரையாது. இந்த ஒரு குணத்தை நம்பித்தான் வேலை முழுவதும் நடக்கிறது.

இன்னொரு பாதி ஜெராக்ஸ் கடையில் இருக்கிறது. ஜெராக்ஸிலும் லேசர் பிரிண்டிலும் இருப்பது மை அல்ல. டோனர் என்ற பிளாஸ்டிக் பொடி. அது சூட்டில் உருகிக் காகிதத்தின் மேற்பரப்பில் படிந்திருக்கிறது. செஸ்டர் கார்ல்ஸன் என்பவர் இதற்கான ஆராய்ச்சியைத் தம் வீட்டுச் சமையலறையில்தான் ஆரம்பித்தார். கந்தக நாற்றத்தை வீட்டில் எத்தனை நாள் பொறுப்பார்கள்? பிறகு நியூயார்க்கில் அஸ்டோரியா என்ற பகுதியில் ஓர் அறைக்குப் போனார். அங்கே 1938 அக்டோபர் 22-ந் தேதி முதல் பிரதி வந்தது. மின்சாரத்தால் ஒட்டி நின்ற பொடியின்மேல் மெழுகுத் தாளை அமுக்கிப் படத்தை எடுத்தாராம். பாருங்கள், நாம் நோட்டுப் புத்தகத்தில் செய்த அதே மெழுகு வித்தை!

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஈர ஜெல்லின்மேல் ஜெராக்ஸ் பிரதியைக் கவிழ்த்து ஒட்டுகிறோம். ஜெல் காயும்போது டோனர் பொடியைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு காகிதத்தை நனைக்கிறோம். காகிதம் நார்தானே? ஊறிக் குழைந்துவிடுகிறது. ஜெல் கரைவதில்லை, டோனரும் கரைவதில்லை. விரலால் தேய்த்தால் காகிதம் திரிதிரியாகப் போய்விடும், முகம் நின்றுவிடும்.

என் வீட்டு விஷயத்தைச் சொன்னால்தான் இதன் அருமை விளங்கும். எங்கள் அம்மா காமிராவைக் கண்டால் ஒதுங்குகிற ரகம். கல்யாண ஆல்பங்களில் இருப்பாள்; ஆனால் யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் நெற்றி மட்டும் தெரியும், அல்லது பந்தியில் குனிந்து பரிமாறும்போது கொண்டை மட்டும் தெரியும். தனியாக, நிமிர்ந்து பார்த்து எடுத்துக்கொண்ட படம் ஒன்றே ஒன்றுதான். 1959-ல், கல்யாணமான புதிதில், மாயவரத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. காதில் ஏழுகல் தோடு, மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி.

நாங்கள் நான்கு பேர்: அக்கா, நான், தங்கை, தம்பி. அம்மா போன பிறகு வீட்டைக் காலி செய்தபோது பாத்திரம், பண்டம், ஊஞ்சல் பலகை எதிலும் தகராறு வரவில்லை. இந்தப் படத்தில் வந்தது. தகராறு என்றால் கூச்சல் இல்லை. "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒவ்வொருவரும் சொன்னோம். சொன்ன தொனியில்தான் எல்லாம் இருந்தது! அந்தத் தொனி உங்களுக்குத் தெரியாததா?

"அதான் செல்போனிலே எல்லாருக்கும் அனுப்பியாச்சே, பெரியக்கா!" என்றான் தம்பி.

"செல்போனிலே பால்காரன் கணக்கு இருக்கு, மளிகை ரசீது இருக்கு. அதுக்கு நடுவிலே அம்மாவைத் தேடணுமாடா?" என்றாள் அக்கா.

அவள் சொன்னது நியாயம். செல்போனில் இருப்பது படம்தான். ஆனால் ஒரு பொருள் இல்லை. கையில் எடுக்க முடியாது, மாட்ட முடியாது, வெள்ளிக்கிழமை துடைத்துப் பொட்டு வைக்க முடியாது. நான்கு பேரும் கேட்டது படத்தை அல்ல, அம்மாவை வைத்திருக்கும் ஒரு பொருளை. நான் அப்போது ஜெல் வேலை கற்றுக்கொண்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "பொங்கலுக்கு எல்லாரும் என் வீட்டுக்கு வாருங்கள். ஆளுக்கு ஒன்று செய்துகொள்ளலாம்" என்றேன். வந்தார்கள்.

முதல் விதி: மூலப் படத்தைத் தொடவே கூடாது. இந்த வேலையில் காகிதம் அழிந்து போகும். ஒரே படத்தை யாராவது அழிப்பார்களா? ஸ்கேன் செய்து, பிரதியில் மட்டும் வேலை செய்ய வேண்டும். அதே அளவில் போதுமென்றால் அங்குலத்துக்கு 300 புள்ளி. இரண்டு மடங்கு பெரிதாக வேண்டுமென்றால் 600 புள்ளி என்று கடையில் சொல்லுங்கள். சாதாரணத் தாளில் லேசர் பிரிண்ட் எடுங்கள். வீட்டிலிருக்கும் இங்க்ஜெட் பிரிண்டர் இந்த வேலைக்கு உதவாது. அதன் மை பெரும்பாலும் தண்ணீர் பட்டால் ஓடிவிடும்.

இரண்டாவது விதி: இடம் வலம் மாற்றிப் பிரிண்ட் எடுக்க வேண்டும். கவிழ்த்து ஒட்டுவதால் படம் திரும்பிக்கொள்ளும். மாற்றாமல் ஒட்டினால் வலது மூக்கிலிருக்கும் மூக்குத்தி இடது பக்கம் போய்விடும். தலைப்பு வலது தோளுக்குப் போய்விடும். பக்கத்து வீட்டுக்காரர் கண்டுபிடிக்க மாட்டார். பெற்ற பெண்கள் கண்டுபிடிக்காமல் இருப்பார்களா?

இனி வேலை. பலகையில் ஜெல்லைச் சமமாகத் தடவுங்கள். தோசைக்கு எண்ணெய் காட்டுவதுபோல் போதாது. ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற கனம் வேண்டும். பிரதியைக் கவிழ்த்து ஒட்டி, பழைய பாங்க் அட்டை ஒன்றால் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்து, காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள். குமிழி இருந்த இடத்தில் படம் ஒட்டாது. ஓரத்தில் பிதுங்கும் ஜெல் காகிதத்தின் முதுகில் ஏறாமல் துடைத்துவிடுங்கள். ஏறினால் அந்த இடத்தில் தண்ணீர் இறங்காது, காகிதம் பிரியாது. பிறகு ஒரு முழு நாள் காய விடுங்கள். அவசரம் ஆகாது. கார்த்திகை மழையில் இரண்டு நாள்கூட ஆகும். தை மாதக் காற்றுதான் இதற்கு உகந்தது.

காய்ந்ததும் ஈர ஸ்பாஞ்சால் முதுகை நனைத்து, சில நிமிஷம் பொறுத்து, விரல் நுனியால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். நகம் படக் கூடாது. காகிதம் சின்னச் சின்னத் திரியாக உருளும். அடியிலிருந்து முதலில் ஒரு புருவம் வரும். பிறகு கண் வரும். அந்த நிமிஷம் இருக்கிறதே, அதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம். நாங்கள் நான்கு பேரும் பேச்சை நிறுத்திவிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தோம். முடிந்தது என்று நினைப்பீர்கள். காய்ந்ததும் வெள்ளைப் புகைபோல் ஒன்று மூடியிருக்கும். மிஞ்சிய காகித நார் அது. மறுபடி நனைத்துத் தேயுங்கள். மூன்று நான்கு தடவை பிடிக்கும். கடைசியில் தங்கும் லேசான புகையை மேலே ஒரு மெல்லிய ஜெல் பூச்சு மறைத்துவிடும்.

இந்த வேலையின் ரகசியம் ஒன்று சொல்கிறேன். டோனரில் கறுப்பு உண்டு, வெள்ளை கிடையாது. படத்தில் வெள்ளையாகத் தெரிந்தது காகிதத்தின் வெள்ளைதான். காகிதம் போனதும் அந்த இடமெல்லாம் கண்ணாடி ஆகிவிடும். அடியில் என்ன இருக்கிறதோ அது தெரியும். அதனால் அடித்தளத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கறுப்பில் ஒட்டினால் முகமே காணாமல் போகும். வெள்ளைப் பூச்சில் ஒட்டினால் பழைய போட்டோவாகவே வரும். வேறு எதில் ஒட்டினாலும் அதன் குணம் முகத்தில் ஏறும்.

அக்கா பழைய வீட்டு அலமாரியின் தேக்குத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். உப்புத்தாள் போட்டு இழைத்து, வெள்ளைப் பூச்சு எதுவும் இல்லாமல் அதன்மேலேயே ஒட்டினாள். காகிதம் போனதும் பார்த்தால், கறுப்பு வெள்ளை அம்மாவுக்கு நிறம் வந்திருந்தது! தேக்கின் பொன்னிறம் கன்னத்தில் ஏறி, மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்த முகம்போல் இருந்தது. எந்த ஸ்டூடியோக்காரர் அந்த நிறத்தைக் கொடுத்திருப்பார்?

நான் கான்வாஸில் அம்மாவின் வீட்டுக் கணக்கு நோட்டின் பிரதிகளை முதலில் ஒட்டி, அதன்மேல் படத்தை மாற்றினேன். அம்மாவின் வெளிர்ப் புடவை வழியாக 'துவரம் பருப்பு', 'சலவை', 'பள்ளிக்கூட ஃபீஸ்' எல்லாம் அவள் கையெழுத்திலேயே தெரிகின்றன.

தங்கைக்கு அம்மாவின் புடவையிலேயே படம் வேண்டும் என்று ஆசை. அதற்கு வேறு வழி உண்டு. பிரிண்டின் முகத்தின்மேல் ஜெல்லை மெல்லியதாகத் தடவி, காய்ந்ததும் குறுக்குவாட்டில் இன்னொன்று, இப்படி ஐந்தாறு பூச்சுப் போட வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு அரை மணி தண்ணீரில் ஊறவைத்து, பின்பக்கத்துக் காகிதத்தைத் தேய்த்து எடுத்தால், படம் மட்டும் ஒரு தோல்போல் கையில் வரும். அப்பளப் பூவைப்போல் மெல்லியது. இழுத்தால் நீளும், ஆகவே இழுக்கக் கூடாது. ஊறினதும் கொஞ்சம் வெளுத்திருக்கும், காய்ந்தால் தெளிந்துவிடும். இதற்கு இடம் வலம் மாற்ற வேண்டியதில்லை. அதை எங்கே வேண்டுமானாலும் ஜெல் தடவி ஒட்டலாம். அம்மாவின் சந்தன நிற நூல் புடவையில் ஒட்டி, அரக்குக் கரையைச் சட்டமாக மடித்துத் தைத்துவிட்டாள்.

தம்பி பிளைவுட்டில் வெள்ளைப் பூச்சுப் போட்டு ஒட்டினான். அவன் எப்போதும் அவசரக்காரன். தேய்த்த தேய்ப்பில் காது போய்விட்டது. காதோடு தோடும் போய்விட்டது.

யாரும் பேசவில்லை. காரணம் இருந்தது. 1983-ல் அவனைப் பாலிடெக்னிக்கில் சேர்ப்பதற்காக விற்றது அந்தத் தோட்டைத்தான். அதன் பிறகு அம்மா கடைசிவரை காதில் கவரிங்தான் போட்டிருந்தாள். இதைப் பற்றி வீட்டில் ஒரு நாளும் பேச்சு எழுந்ததில்லை. அவன் சம்பாதித்து வாங்கிக் கொடுத்த புதுத் தோட்டையும், "எனக்கு எதுக்குடா?" என்று மருமகளிடம் கொடுத்துவிட்டாள்.

"இன்னொரு பிரிண்ட் இருக்கு, வேற செய்யலாம்" என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினான். மறுநாள் கடைக்குப் போய்த் தங்க ரேக்கும், ஏழு சின்னஞ்சிறு வெள்ளைக் கற்களும் வாங்கி வந்தான். காது இருந்த இடத்தில் பழுப்பு வர்ணம் தீட்டி, தஞ்சாவூர்ப் படத்துக்குச் செய்வதுபோல் மக்கு வைத்து, ரேக்கு ஒட்டி, கற்களை ஒவ்வொன்றாகப் பதித்தான். அறுபதைத் தொட்ட மனிதன், மூக்குக் கண்ணாடி நழுவ நழுவ, நடு இரவுவரை உட்கார்ந்திருந்தான். காலையில் அக்கா அதைப் பார்த்துவிட்டு, "தோடு வந்துடுத்து" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூலப் படம் யாருக்கு என்ற கேள்விக்கு விவாதமே இல்லாமல் போயிற்று. அம்மாவைக் கடைசி ஆறு வருஷம் வைத்துப் பார்த்துக்கொண்டவள் தங்கை. அவளிடமே இருக்கட்டும் என்று நால்வரும் சொன்னோம். இந்தத் தடவை தொனியும் சரியாக இருந்தது!

நேயர்களே, இதிலிருந்து எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பிரதி என்பது மட்டமான சரக்கு அல்ல. மெஷின் பத்துப் பிரதி எடுத்தால் பத்தும் ஒன்றே. கை வைத்தால் பத்தும் பத்து. இந்த முறையில் படம் ஒருபோதும் முழுசாக வராது. எங்காவது ஒரு பொட்டுத் தேய்ந்திருக்கும். எங்காவது ஓரம் கிழிந்திருக்கும். அந்தக் குறைதான் நமக்கு விடப்பட்ட இடம். அங்கேதான் வர்ணமோ ஜரிகையோ புடவைத் துண்டோ, மனசில் வெகுநாளாக இருந்த ஒன்றோ போய் உட்காருகிறது.

செய்து பார்க்கிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். வீட்டில் இருக்கும் வெள்ளைக் கோந்து ஜெல்லுக்குப் பதிலாகாது. காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் இளகி, படத்தோடு வந்துவிடும். சித்திரை வெயிலில் அக்ரிலிக் சற்றுப் பிசுபிசுக்கும். ஆகவே முடித்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், நடுவில் பட்டர் பேப்பர் வையுங்கள். பூஜை அறையில் மாட்டினால் விளக்குச் சூடும் கற்பூரப் புகையும் படாத தூரத்தில் மாட்டுங்கள். பிரஷ்ஷை முதலில் துணியில் துடைத்துவிட்டுப் பிறகு கழுவுங்கள். தேய்த்தெடுத்த காகிதக் கூழை வடிகட்டிக் குப்பையில் போடுங்கள். சமையலறைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் வீட்டில் கலைக்கே தடை வந்துவிடும்!

"இந்த வயதில் எனக்கு இதெல்லாம் எதற்கு?" என்கிறீர்களா? இங்கிலாந்தில் மேரி டெலானி என்ற அம்மாள், கணவரை இழந்த பிறகு, 1772-ல் தம் 72-வது வயதில் வர்ணக் காகிதத்தைக் கத்தரித்துப் பூக்கள் ஒட்ட ஆரம்பித்தார். பத்து வருஷத்தில், கண் பார்வை மங்கும்வரை, ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான பூக்கள். அவை இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அவரிடம் இருந்தவையும் கத்தரிக்கோலும் பசையும்தான்.

ஆகையால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். பரணில் இருக்கும் போட்டோப் பெட்டியை இறக்குங்கள். ஈரமும் பூச்சியும் அவற்றைத் தின்பதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், இருப்பவர் பெயரையும் வருஷத்தையும் எழுதுங்கள். பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பிறகு ஒரு சின்னப் பலகை, ஒரு டப்பா ஜெல், ஒரு ஜெராக்ஸ் பிரதி. முதலில் கொல்லைப்புறத்துச் செம்பருத்திப் படத்தில் கை பழகிக்கொள்ளுங்கள். மனிதர்கள் அப்புறம் வரட்டும். தேய்க்கும்போது மட்டும் நிதானமாகத் தேயுங்கள். காதுப் பக்கம் வரும்போது இன்னும் நிதானம்!